இடாப்பில் எல்லாப் பெயரும் உண்டு



என் அம்மாவின் பள்ளி வகுப்புக்கு இந்த வருடம் 60 வயது. எல்லாரும் 1966ஆம் ஆண்டு பிறந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் பெண்கள் பாடசாலையில் 38 பேர் ஒரே வகுப்பில் இருந்தார்கள். அவர்களில் 11 பேர் இப்போது கனடாவில் இருக்கிறார்கள். லண்டன், ஒஸ்லோ, மெல்பேர்ண் என்று வேறு இடங்களிலிருந்து இன்னும் 5 பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விழா வைக்காமல், எல்லாருடைய அறுபதாவது பிறந்தநாளையும் ஒரே இரவில் கொண்டாடுவோம் என்று முடிவு செய்து, இங்கே றிச்மண்ட் ஹில்லில் ஒரு மண்டபம் எடுத்தார்கள். கணவன்மார், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று நூறு பேருக்கு மேல் கூடினோம்.

அழைப்பிதழில் நிகழ்ச்சி நிரல் இருந்தது. ஆறரைக்கு ஜெபம். பிறகு 'இடாப்பு'. பிறகு பாடசாலைக் கீதம், கேக், சாப்பாடு.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இடாப்பு என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். வகுப்பாசிரியை ஒவ்வொரு காலையும் பெயர் கூப்பிட்டு வரவு பதியும் புத்தகம் அது. பெயர் கேட்டதும் எழுந்து பதில் சொல்ல வேண்டும். அம்மாவின் தோழி ஒருவர் அந்த 38 பேரின் பெயரையும் பழைய ஒழுங்கிலேயே ஒரு மட்டையில் கையால் எழுதிக் கொண்டு வந்திருந்தார். ஒழுங்கு பிழைக்கக் கூடாது என்று இரண்டு மாதம் தொலைபேசியில் ஆளாளிடம் விசாரித்து எழுதியது. அந்த 38 பேரில் 6 பேர் இப்போது உயிரோடு இல்லை. ஒருவருக்கு என்ன நடந்தது என்று 2009க்குப் பிறகு யாருக்கும் தெரியாது.

அந்த வகுப்பில் ஒருவர் பெயர் பெற்றவர். மேடைகளிலும் வானொலியிலும் பாடுகிறவர், வெளிநாட்டில் இருக்கிறார். அவருடைய விமானம் பிந்திவிட்டது. அவர் வரட்டும் என்று ஆறரை ஜெபம் ஏழரையாகி, பிறகு எட்டேமுக்கால் ஆனது. அவர் உள்ளே வந்ததும் மண்டபமே எழுந்து நின்றது. பிறகு படம் எடுத்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் வரிசையில் நின்று, அவரோடு தனியாக ஒன்று, பிள்ளைகளோடு ஒன்று என்று எடுத்தது. நானும் நின்றேன், மறைக்கவில்லை. தலை மேசையில் அவரை நடுவில் இருத்தி, கேக் வெட்டும் கத்தியையும் அவருடைய கையிலேயே கொடுத்தார்கள். பாடச் சொல்லிக் கேட்டார்கள், அவரும் பாடினார். பிறகு சாப்பாடு. பன்னிரண்டு மணிக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டியிருந்ததால் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில், மேஜர் மக்கென்சி வீதியில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதுதான் அம்மா வாய் திறந்தார்.

"ஒருத்தரும் இடாப்புக் கூப்பிடேல்லை, பிள்ளை."

அன்றிரவு அம்மா வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வசனம் என் மனதை விட்டுப் போகாததால்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வகுப்பு சேர்ந்து பிறந்தநாள் கொண்டாடுவது நல்ல வழக்கம். அந்த வகுப்பில் ஒருவர் பெரிய ஆளாக வந்திருந்தால் அதற்காகச் சந்தோஷப்படுவதும் நல்லதுதான். ஆனால் முதலில் இடாப்பு, பிறகு மற்றதெல்லாம். இந்த ஒழுங்கு மாறினால் அங்கே கூடுவது ஒரு வகுப்பு இல்லை, ஒருவரைப் பார்க்க வந்த கூட்டம். வயது 60 ஆனாலும் 25 ஆனாலும் இதுதான் என் எண்ணம்.

அம்மாவின் வகுப்புக்கு ஏன் அந்த இடாப்பு அவ்வளவு முக்கியம் என்று இளையவர்கள் கேட்கலாம். கணக்குப் பார்த்தால் புரியும். 1981ஆம் ஆண்டு மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு, ஏறக்குறைய 97,000 புத்தகங்கள் அழிந்தபோது அந்தப் பிள்ளைகளுக்குப் பதினான்கு, பதினைந்து வயது. 1983 ஜூலை நடந்தபோது அவர்கள் ஏ.எல். வகுப்பில் இருந்தார்கள். 1987 ஒக்டோபரில் ஊரில் சண்டை மூண்டபோது அவர்களுக்கு 21 வயது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு எல்லாரும் நடந்தபோது பலருடைய இடுப்பில் குழந்தை இருந்தது. என் அம்மாவின் கையைப் பிடித்து நடந்தவள் நான்தான், எனக்கு நாலு வயது. ஒரே காலையில் ஒரே இடாப்பில் "வந்திருக்கிறேன் டீச்சர்" என்று சொன்ன 38 பேர், அதற்குப் பிறகு ஒருநாள்கூட ஒரே இடத்தில் நிற்கவில்லை. அந்த இரவில், 45 வருடம் கழித்து, பெயர்கள் மட்டுமாவது ஒரே இடத்தில் கூடியிருக்கும். அதற்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம்தான் கிடைக்கவில்லை.

இதில் அந்தப் பாடகியைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, குற்றம் சொல்லவும் இடமில்லை. அவரை நடுவில் இருத்தியவர்கள் நாங்கள். மூன்று நாள் கழித்து அவர் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். சுகம் விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எடி, அண்டைக்கு ஒருத்தரும் அவளைப் பற்றிக் கதைக்கேல்லையே? எனக்குப் பக்கத்து வாங்கில இருந்தவள். அவளின்ரை பேரைக் கேப்பன் எண்டுதான் நான் அவ்வளவு தூரம் வந்தனான்." 1987இல் ஷெல் விழுந்து இறந்துபோன தோழியைத்தான் சொன்னார்.

எழுந்து நின்று கைதட்டிய எங்களில் ஒருவருக்காவது, அந்தப் பெண் தன் வாங்குத் தோழியின் பெயரைக் கேட்க வந்திருக்கிறார் என்று தோன்றவில்லை. பெயர் பெற்றவருக்கு எல்லா மண்டபத்திலும் தலை மேசை உண்டு. அவருக்கு இல்லாதது பழைய வாங்கு. அதைக் கொடுக்கக்கூடியவர்கள் உலகத்திலேயே அந்த 37 பேர்தான், அதையும் நாங்கள் கொடுக்கவில்லை. யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பொன் மோதிரம் போட்டு வருகிறவனுக்கு நல்ல ஆசனமும், ஏழைக்குக் கால்மாட்டில் இடமும் கொடுக்கிற சபையைப் பற்றி வாசிக்கிறோம். ஏழைக்கு அதனால் நேரும் அவமானத்தைத்தான் நாம் எப்போதும் பேசுவோம். அந்த ஆசனத்தில் இருத்தப்படுகிறவரும் தனித்துப் போகிறார் என்பதை அந்தத் தொலைபேசி அழைப்பில்தான் நான் கண்டுகொண்டேன்.

இனி இளையவர்களிடம் வருகிறேன்.

இதே வருடம் இன்னொரு வகுப்பும் ஒரு முக்கியமான வயதை அடைகிறது. 2001இல் பிறந்து, 2019இல் உயர்பள்ளி முடித்தவர்களுக்கு இப்போது 25. நம் சபையிலும் அந்த வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆண்டில், இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய மிசிசாகாவில், மெடோவேல் உயர்பள்ளியில் படித்தவர்தான் மைத்ரேயி ராமகிருஷ்ணன். 2001 டிசம்பர் 28இல் பிறந்தவர். பெற்றோர் இலங்கையிலிருந்து வந்த தமிழர். பள்ளியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருக்கும்போதே 'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடரின் முதன்மைப் பாத்திரத்துக்குத் தெரிவானார். அந்தத் தெரிவுக்கு ஏறக்குறைய 15,000 பேர் விண்ணப்பித்தார்கள். யோர்க் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிப்பதாக இருந்தவர் அதைத் தள்ளிவைத்துவிட்டு நடிக்கப் போனார். 2020 ஏப்ரல் 27இல் தொடர் நெட்பிளிக்ஸில் வந்தது. நாலு பருவங்கள் ஓடி 2023இல் முடிந்தது.

அந்தத் தொடரில் வரும் எல்லாவற்றையும் நம் வீடுகளில் ஒத்துக்கொண்டோம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நம்மைப் போன்ற முகம் கொண்ட ஒரு தமிழ்ப் பிள்ளையைத் திரையில் பார்த்தபோது பெருமைப்படாத வீடு குறைவு. அந்தப் பெருமை அடுத்த வாரமே வேறு உருவம் எடுத்ததையும் நான் பார்த்தேன். "அந்தப் பிள்ளைக்கும் உனக்கும் ஒரே வயசுதானே?" என்று ஒரு தாய் தன் மகளிடம் கேட்டார். அது விசாரிக்கிற கேள்வி இல்லை என்று அந்த மகளுக்கும் தெரியும், கேட்ட தாய்க்கும் தெரியும்.

15,000 பேரில் ஒருவர் என்ற கதையை நாம் எல்லாரும் சொல்கிறோம். அதே கதையில் நாம் சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று உண்டு. நடிகை மிண்டி கேலிங் புதுமுகம் தேடுகிறார் என்ற அறிவிப்பைக் கண்டு மைத்ரேயிக்கு அனுப்பியவர் அவருடைய பள்ளித் தோழி. இருவரும் சேர்ந்து ஊர் நூலகத்துக்குப் போய்த்தான் முதல் ஒளிப்பதிவை எடுத்தார்கள். இதை மைத்ரேயியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தத் தோழி அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு. ஆனால் "என் பிள்ளை தன் தோழிக்கு ஒரு நல்ல செய்தியை அனுப்புகிறவளாக வளர வேண்டும்" என்று ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்த பெற்றோரை நான் இதுவரை பார்த்ததில்லை.

வேதாகமத்தில் அந்திரேயா அந்தத் தோழியைப் போன்றவர். யோவான் முதலாம் அதிகாரத்தில் அவர்தான் முதலில் இயேசுவோடு போய்த் தங்குகிறார், பிறகு தன் சகோதரன் சீமோனைத் தேடிக் கூட்டிவருகிறார். ஆறாம் அதிகாரத்தில் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையன் இருக்கிறான் என்று சொல்கிறவரும் அவரே. பன்னிரண்டாம் அதிகாரத்தில் இயேசுவைப் பார்க்க வந்த கிரேக்கரைப் பற்றிச் சொல்லப் போகிறவர்களிலும் அவர் உண்டு. வந்த இடமெல்லாம் யாரையோ முன்னுக்குக் கொண்டு வருகிறார். சுவிசேஷத்தில் அவரை அறிமுகம் செய்யும்போதே சீமோன் பேதுருவின் சகோதரன் என்றுதான் எழுதியிருக்கிறது. அது அவருக்குக் குறைவாக இருந்தது என்று எங்கும் எழுதப்படவில்லை.

2020 ஏப்ரலை இன்னொரு விதமாகவும் நினைத்துப் பாருங்கள். தொடர் வெளிவந்த அதே நாட்களில் ஒன்ராறியோவில் பள்ளிகள் மூடியிருந்தன. முதியோர் பராமரிப்பு இல்லங்களில் தொற்று பரவி, 5 இல்லங்களுக்கு இராணுவத்தின் உதவியை மாகாண அரசு கேட்கும் அளவுக்கு நிலைமை போனது. அப்போது 2019 வகுப்புப் பிள்ளைகளுக்கு 18, 19 வயது. அந்த வயதில் நம் சபைப் பிள்ளை ஒருத்தி ஒரு முதியோர் இல்லத்தில் பகுதிநேர உதவியாளராக வேலை செய்தாள். நான் தாதி என்பதால், முகக்கவசத்தை எப்படி முகத்தோடு ஒட்டப் போடுவது, வேலை உடையை வீட்டுக்குள் கொண்டு போகாமல் எங்கே கழற்றுவது என்று இரவில் எனக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பாள். ஒருநாள் அழுதுகொண்டே எடுத்தாள். அவள் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்த அம்மம்மா ஒருவர் அன்று காலையில் இறந்துவிட்டார். அந்த முதியவரின் பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே நின்றார்கள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் இவள்.

"அந்தப் பிள்ளைக்கும் உனக்கும் ஒரே வயசுதானே?" என்ற கேள்வியைக் கேட்கவேண்டி வந்ததும் இவளுக்குத்தான். இந்த வருடம் பள்ளித் தோழர்கள் சேர்ந்து 25ஆவது பிறந்தநாளைக் கொண்டாடப் போகிறார்கள் என்றாள். போகிறாயா என்று கேட்டேன். "போனால் என்ன செய்கிறாய் என்று கேட்பார்கள் அக்கா, சொல்ல ஒன்றும் இல்லை," என்றாள். சொல்ல ஒன்றும் இல்லையாம்! நான் அந்த இடத்திலேயே கோபப்பட்டேன். அந்தக் கோபம் அவள்மேல் இல்லை. பிறந்தநாளை வருடாந்தப் பரீட்சை அறிக்கை ஆக்கிவிட்ட நம்மேல்தான்.

பெயர் பெற்ற ஒருவர் தன் வகுப்பை எப்படி நினைவில் வைத்திருக்கலாம் என்பதற்கும் நமக்கு நல்ல உதாரணம் உண்டு. அப்துல் கலாமைப் பற்றி உங்களுக்குத் தெரியும். 1931இல் இராமேஸ்வரத்தில் பிறந்து, இந்தியாவின் குடியரசுத் தலைவராக வந்தவர். அவர் உயர்பள்ளி படித்தது இராமநாதபுரத்தில், தரங்கம்பாடிக்கு வந்த நம் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் பெயரைக் கொண்ட பாடசாலையில். அங்கே தனக்கு ஊக்கம் கொடுத்த ஆசிரியர் ஐயாதுரை சொலமனை அவர் கடைசிவரை மறக்கவில்லை. 1999இல் வெளிவந்த தன் வாழ்க்கைக் கதையில், இராமேஸ்வரத்துச் சிறுவயதுத் தோழர் மூவரின் பெயரையும் எழுதினார்: ராமநாத சாஸ்திரி, அரவிந்தன், சிவப்பிரகாசன். அவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதையும் எழுதினார். ஒருவர் கோயிலில் அர்ச்சகரானார். ஒருவர் யாத்திரிகர்களுக்கு வண்டி வசதி செய்து கொடுக்கும் தொழில் செய்தார். ஒருவர் தென்னக ரயில்வேயில் உணவு வழங்கும் ஒப்பந்தக்காரர் ஆனார்.

அந்தப் பக்கத்தில் அவர் யாரையும் தன்னோடு ஒப்பிடவில்லை. இன்னார் இன்ன வேலைக்குப் போனார் என்று நேராகச் சொல்கிறார். ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த ஆசிரியர், முஸ்லிம் பையன் பிராமணப் பையனுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று கலாமைப் பின் வாங்குக்கு அனுப்பியபோது, ராமநாத சாஸ்திரி அழுதுகொண்டிருந்தார் என்றும், அவருடைய தகப்பனார் அந்த ஆசிரியரை அழைத்துக் கண்டித்தார் என்றும் எழுதியிருக்கிறார். ரொக்கெட் விட்ட மனிதருக்கு வகுப்பறையில் தனக்காக அழுத ஒரு முகம் நினைவில் நின்றது. அது இடாப்பை மறக்காதவரின் நினைவு.

என் வேலையில் ஒவ்வொரு நாளும் நான் அதிகம் கேட்கும் கேள்வி பிறந்த திகதிதான். மருந்து கொடுக்குமுன், இரத்தம் ஏற்றுமுன், சத்திரசிகிச்சைக்கு அனுப்புமுன், நோயாளரின் இரண்டு அடையாளங்களையாவது சரிபார்க்க வேண்டும். பெரும்பாலும் பெயரும் பிறந்த திகதியும். அறை இலக்கத்தை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஏனென்றால் ஆட்களை இடம் மாற்றுவோம், நேற்று ஒருவர் கிடந்த கட்டிலில் இன்று இன்னொருவர் கிடப்பார். அறை இலக்கத்தை நம்பி மருந்து கொடுத்தால் ஆள் மாறிவிடும். மருத்துவர், வழக்கறிஞர், துப்புரவுத் தொழிலாளி யாராக இருந்தாலும் கைப்பட்டியில் எழுதியிருப்பது பெயரும் திகதியும்தான். அந்தத் திகதியில் நீ எதைச் சாதித்தாய் என்று நாங்கள் கேட்பதில்லை. இது நீதானா என்று மட்டும் கேட்கிறோம்.

இரவு வேலையில் ஒருமுறை, மறதி நோய் முற்றிய தமிழ்ப் பாட்டி ஒருவரைப் பார்த்துக்கொண்டேன். மகனின் பெயர் வரவில்லை, எந்த நாட்டில் இருக்கிறார் என்று தெரியவில்லை. அந்த நோயில் அண்மைக்கால நினைவுகள் முதலில் போகும், பழையவை நெடுநாள் தங்கும். தூங்க முடியாமல் தவித்தவருக்குப் பக்கத்தில் இருந்து, "நீங்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள் பாட்டி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். ஒன்றன்பின் ஒன்றாக, நிறுத்தாமல், ஒரே இராகத்தில். ஏழெட்டுப் பெயர் போன பிறகுதான் அது வகுப்பு இடாப்பு என்று எனக்கு விளங்கியது. தன்னுடைய பெயர் வந்த இடத்தில் கையைக் கொஞ்சம் உயர்த்திவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அந்தப் பெண்களில் யார் உயர்ந்தார், யார் தாழ்ந்தார் என்று அவருடைய குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை.

பெருமைப்படுவதே பிழையா என்று சிலர் கேட்பார்கள். இவ்வளவு இழந்த சமுதாயத்துக்கு, பெயர் சொல்ல ஒரு பிள்ளை வந்தால் கொண்டாட வேண்டாமா என்பார்கள். நியாயமான கேள்வி. கொண்டாடுவோம். வாழ்த்து மடல் வாசிப்போம், பாடச் சொல்வோம், கைதட்டுவோம். பொறாமையால் வாய் மூடி இருப்பதும் பாவம்தான். ஆனால் எந்த இடத்தில் நிறுத்திக் கொண்டாடுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

அதற்கு ரோமர் 16ஆம் அதிகாரம் நமக்கு வழி காட்டுகிறது. வேத வாசிப்பில் நாம் வேகமாகத் தாண்டுகிற அதிகாரம் அது. வெறும் பெயர்கள் என்று நினைப்போம். பவுல் அங்கே பெபேயாளில் தொடங்கி வரிசையாகப் பெயர் கூப்பிடுகிறார். 23ஆம் வசனத்தில் ஏரஸ்து வருகிறார். பட்டணத்தின் பொருளாளர், பெரிய பதவிக்காரர். பவுல் அந்தப் பதவியை மறைக்கவில்லை, சொல்கிறார். அதே வசனத்தில் அடுத்ததாகக் குவர்த்து என்பவர் வருகிறார். அவருக்குப் பதவி ஒன்றும் இல்லை, சகோதரன் என்று மட்டும் எழுதியிருக்கிறது. இரண்டு பேரும் ஒரே வசனத்தில், ஒரே வாழ்த்தில். ஏரஸ்துவைத் தலை மேசைக்கு அனுப்பிவிட்டுக் குவர்த்துவைக் கதிரை அடுக்கவிட்டிருந்தால் அந்தப் பெயர் நம்மிடம் வந்து சேர்ந்திருக்காது.

ஆகவே, இந்த வருடம் 25, 30, 40, 50, 60 என்று எந்த வயதை நீங்கள் வகுப்பாகக் கொண்டாடினாலும், தாழ்மையாகச் சில காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜெபம் முடிந்தவுடனே இடாப்பைக் கூப்பிடுங்கள். யாருக்காகவும் அதைத் தள்ளிவைக்க வேண்டாம். பிந்தி வருகிறவர் எவ்வளவு பெரியவரானாலும், பெயர் கூப்பிடும்போது தோழர்கள் யாராவது அவருக்காகப் பதில் சொல்லட்டும், நாம் பள்ளியில் செய்யாததா!

இறந்தவர்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். பெயரைக் கூப்பிட்டு, பதில் வருமளவுக்கு ஒரு நொடி காத்திருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள். என்ன ஆனார் என்று தெரியாதவர்களுக்கும் அப்படியே.

தலை மேசை வேண்டாம். ரோல்ஸும் கட்லட்டும் பொரித்துக் கொண்டு வந்து, இரவு முழுக்கக் குசினிப் பக்கம் நிற்கிற தோழியையும் பெயர் கூப்பிடும்போது உள்ளே அழையுங்கள். அவருடைய பெயரும் அந்த மட்டையில் உண்டு.

வராதவர்களில் இரண்டு பேருக்காவது முதல் வாரம் தொலைபேசி எடுங்கள். "என்ன செய்கிறாய்?" என்று கேட்க வேண்டாம். "எப்படி இருக்கிறாய்?" என்று கேளுங்கள். வேலை போனவர், கலியாணம் முறிந்தவர், மன அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர், இன்னும் படிப்பு முடிக்காதவர், இவர்கள்தான் பெரும்பாலும் வராமல் விடுகிறவர்கள். வைத்தியசாலையில் நான் சந்திக்கும் இளையவர்கள் சிலர், தங்கள் தோழர்கள் முன்னே போய்விட்டார்கள் என்று வெட்கப்பட்டே எல்லாரோடும் பேச்சை நிறுத்தியவர்கள். அந்த ஒரு அழைப்பு சிறிய காரியமில்லை.

பெற்றோரே, உங்களிடம் ஒன்றே ஒன்று. பிள்ளைக்கு 25 வயதாகும் நாளில் வேறு எந்தப் பிள்ளையின் பெயரையும் வீட்டில் சொல்லாதீர்கள். அந்த ஒரு நாளாவது அவளுடைய பெயர் மட்டும் கேட்கட்டும்.

அம்மாவின் வகுப்பு கடைசியில் இடாப்பைக் கூப்பிட்டது. போன மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த பிறகு, தொலைபேசியிலும் கணினியிலுமாக 22 பேர் சேர்ந்தார்கள். மட்டையை எழுதிய தோழிக்குத் தொண்டை அடைத்ததால் அந்தப் பாடகியே வாசித்தார். பாடவில்லை, ஆசிரியை வாசிப்பது போலவே வாசித்தார். அம்மாவின் பெயர் 17ஆவது. குசினி மேசையில் இருந்தபடியே அம்மா எழுந்து நின்றார். 2009க்குப் பிறகு தகவல் தெரியாதவரின் பெயர் வந்தபோது எல்லாரும் காத்திருந்தார்கள். அந்த ஒரு பெயரை மட்டும் அவர் இரண்டு தரம் கூப்பிட்டார். பிறகு அடுத்த பெயருக்குப் போனார். எல்லாமாகப் பன்னிரண்டு நிமிடம் எடுத்தது.

நான் மேலே சொன்ன அந்தத் தங்கை இதை வாசிப்பாள் என்று எனக்குத் தெரியும். உன் வகுப்பின் கொண்டாட்டத்துக்கு நீ போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அம்மா. யாராவது என்ன செய்கிறாய் என்று கேட்டால், 19 வயதில் ஒரு அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொல்லு. அதைச் சொல்ல விருப்பமில்லையென்றால் பரவாயில்லை. பெயரைக் கூப்பிடும்போது வந்திருக்கிறேன் என்று சொல்லு, அது போதும்.